வெளக்குப் பொட்டி

புளியங்கோட்டகத்துப் பால்வாடிக்கு நீலாம்பாள் டீச்சராக வந்தபோது அங்கே விளையாட்டுச் சாமான் என்று இருந்தவை காற்று இறங்கிய ஒரு ரப்பர் பந்தும், சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த ஒரு படத்தாளும்தான். ஆப்பிள், சிங்கம், கப்பல், பனிக்கரடி என்று தாளில் இருந்த எதையும் அந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை. அவள் குச்சியால் தொட்டுச் சொல்லச் சொல்ல அவர்கள் கத்தினார்கள். கொஞ்ச நாளில் அது ஒரு பாட்டாகிவிட்டது. குச்சி சிங்கத்தின்மேல் இருக்கும்போது கப்பல் என்று கத்தினாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

சத்துணவு வந்த மறுவருஷம் அது. நடவு, களை, அறுப்பு என்று எந்த வேலை இருந்தாலும் விடிவதற்குள் தெருவே காலியாகிவிடும். போகிற வழியில் பிள்ளைகளைப் பால்வாடியில் இறக்கிவிட்டுப் போவார்கள். கட்டடம் மிராசுதார் வைத்தியலிங்கத்துடையது. உரமூட்டை அடுக்கிவைத்திருந்த ஓட்டுக் கொட்டகை. அதிகாரிகள் வந்து கேட்டபோது, பந்தல் போட்டு, மைக் வைத்து, தானே சாவியை எடுத்துக் கொடுத்தார். வெயில் ஏறினால் தரையிலிருந்து யூரியா நெடி கிளம்பும்.

நீலாம்பாள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். அவளுடைய அம்மாவும் கூலிக்கு நடவு நட்டவள்தான். புளியங்கோட்டகத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் தங்கையன் டவுனில் மீரா உசேனின் ரேடியோ கடையில் மெக்கானிக். அந்தத் தெருவிலிருந்து வயலுக்குப் போகாமல் வேலைக்குப் போன முதல் ஆள் அவன். பழுதான ரேடியோவைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தே எங்கே பற்றவைப்பு விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவான் என்று மீரா உசேன் வாடிக்கைக்காரர்களிடம் பெருமையடிப்பார்.

நீலாம்பாள் முதலில் அட்டைகள்தான் செய்தாள். பழைய காலண்டர்களின் பின்பக்கத்தில் அவளே படம் வரைந்தாள். கோழி ஒரு அட்டை, முட்டை ஒரு அட்டை. நண்டும் நண்டு வளையும். தூண்டிலும் கெண்டையும். பிள்ளைகள் ஜோடி சேர்க்க வேண்டும். ஒரே வாரத்தில் எல்லாரும் சரியாகச் சேர்த்தார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம் ஊரில் கண்வலி பரவியது. நீலாம்பாளுக்கும் வந்தது. லீவு போட முடியாததால் தங்கையனின் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பால்வாடிக்குப் போனாள். அன்றைக்கு ஒரு பிள்ளைகூட ஒரு ஜோடியும் சேர்க்கவில்லை. நண்டை முட்டையோடு வைத்தார்கள், தூண்டிலைக் கோழியோடு வைத்தார்கள். வைத்துவிட்டு அவளுடைய கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் தங்கையனிடம் சொன்னாள்.

"அதுங்க இத்தன நாளா படத்தப் பாக்கலீங்க. கைய ஒவ்வொரு அட்டையா கொண்டுபோயி, என் கண்ணப் பாத்துருக்குதுங்க. என் மூஞ்சி எங்க மலருதோ அங்க வச்சிருக்குதுங்க."

"புள்ளைங்கன்னா அப்படித்தான்."

"இல்லீங்க. களத்துல நெல்லு அளக்கயில நம்மாளுங்க காரியக்காரர் மூஞ்சியப் பாப்பாங்க இல்ல? அந்தப் பார்வை. பால்குடி மறக்குறதுக்குள்ள இதுங்களுக்கு அது வந்துருச்சு."

தங்கையன் சிரிக்கவில்லை. "அப்ப என்ன செய்யணுங்குற?"

"சரியா தப்பான்னு நான் சொல்லக்கூடாது. மூஞ்சி இல்லாத ஒண்ணு சொல்லணும். தப்புன்னா திட்டவும் கூடாது, சும்மா இருக்கணும்."

தேயிலைப் பெட்டிப் பலகையில் தங்கையன் ஒரு பெட்டி செய்துகொண்டு வந்தான். மேலே இடதுபக்கம் ஒரு வரிசைப் படம், வலதுபக்கம் ஒரு வரிசை. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு பித்தளைத் திருகாணி. பெட்டியிலிருந்து இரண்டு வயர் வெளியே வந்தது. ஒன்றைக் கோழியிலும் இன்னொன்றை முட்டையிலும் தொட்டால் உள்ளே மணியடித்தது. மாற்றித் தொட்டால் ஒன்றும் நடக்காது.

மணிச் சத்தத்தில் பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். மணியை எடுத்துவிட்டு டார்ச் பல்பு வைத்தான். வெறும் வயரைப் பிஞ்சு விரல்களால் பிடிக்க முடியவில்லை என்று அவள் சொன்னதும், மை தீர்ந்த பேனாக்களின் கூட்டுக்குள் வயரைச் செலுத்திக் கொடுத்தான். வாத்தியார் மாதிரி கையில் பேனா பிடிக்கலாம் என்றதும் பிள்ளைகள் முண்டியடித்தார்கள்.

பத்துப் பதினைந்து நாளில் வேறொரு தொல்லை வந்தது. படத்தைத் தாள் வைத்து மறைத்தாலும் பிள்ளைகள் பல்பை எரியவைத்தார்கள். முதல் ஆணிக்கு மூன்றாவது ஆணி என்று இடத்தை மனப்பாடம் செய்துவிட்டார்கள். படத்தாளை மாற்றும்போது உள்ளே இணைப்பும் மாற வேண்டும் என்றாள் நீலாம்பாள். தங்கையன் தலையைச் சொறிந்தான். மீரா உசேனிடம் பழைய ரேடியோ பாகங்கள் கேட்டு வாங்கி, பெட்டியின் அடியில் வரிசையாகச் சொருகிகள் வைத்து, எந்த ஆணியை எந்த ஆணியோடும் சேர்க்கும்படி வயர்களை இழுத்துவிட்டான். சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக உள்ளே வயர் பின்னிக் கிடந்தது. அதைத் திருப்பிப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. மேலே இருந்து பார்த்தால் படமும் பல்பும்தான். பிள்ளைகள் அதை வெளக்குப் பொட்டி என்றார்கள்.

அந்தப் பிள்ளைகளில் அம்சத்தின் மகள் கண்ணாத்தாளும் இருந்தாள். நாலு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. தெருவில் எல்லாரும் ஊமை என்றே கூப்பிட்டார்கள். அவளுக்குக் காது கேட்கும், சொன்னது புரியும் என்று நீலாம்பாளுக்குத் தெரியும். கொட்டகைச் சுவரோரம் நத்தை ஓடுகளைப் பெரியதிலிருந்து சின்னதாக அடுக்கிவைப்பாள். யாராவது ஒன்றை மாற்றிவைத்தால், வந்து சரிசெய்துவிட்டுப் போவாள். ஆனால் யாராவது உற்றுப் பார்த்துவிட்டால் எல்லாவற்றையும் காலால் கலைத்துவிடுவாள். அட்டை விளையாட்டுக்கு அவள் கிட்டவே வந்ததில்லை.

வெளக்குப் பொட்டி அவளை உற்றுப் பார்க்கவில்லை. மற்ற பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்த பிறகு அவள் அதனிடம் போவாள். நீலாம்பாள் தூரத்தில் பருப்புச் சட்டியோடு நின்று ஓரக்கண்ணால் கவனிப்பாள். நண்டு, வளை. பல்பு எரியும். அரிவாள், நெற்கதிர். எரியும். வேண்டுமென்றே தப்பாக ஒன்றைத் தொட்டுப் பார்ப்பாள், எரியாது. அதற்கும் தலையை ஆட்டிக்கொள்வாள். ஒருநாள் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"எரியிது."

நீலாம்பாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு அழுதாள். திரும்பினால் பிள்ளை நிறுத்திவிடும் என்று பயம். அன்று சாயங்காலம் அம்சம் வந்ததும் சொன்னாள். அம்சம் நம்பவில்லை. சேற்றுக் கையோடு மகளைத் தூக்கி, "சொல்லுடி, எங்கிட்டயும் சொல்லுடி" என்று உலுக்கினாள். கண்ணாத்தாள் வாயைத் திறக்கவில்லை.

"விடுங்கக்கா, கேக்காதீங்க. கேட்டா வராது. தானா வரும்" என்று நீலாம்பாள் அவள் கையைப் பிடித்து விலக்கினாள்.

தானாகத்தான் வந்தது. கார்த்திகை போய் மார்கழி பிறப்பதற்குள் அம்மா, சோறு, நண்டு, தா என்று நான்கைந்து சொற்கள் வந்துவிட்டன. கண்ணாத்தாள் பேச ஆரம்பித்ததும் மற்ற பிள்ளைகளும் பல்பு எரிகிற ஒவ்வொரு முறையும் சேர்ந்து கத்தினார்கள்: "எரியிது, எரியிது."

மிராசுதாரின் காரியக்காரர் சாமிதுரை அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஒருநாள் உள்ளே வந்தார். ஓடு எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க வந்தவர், பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா இது, அருவாளும் கதிரும் போட்டுருக்கு? கட்சிச் சின்னமா?"

"கோழியும் முட்டையுந்தான் போட்டுருக்கு. அது எந்தக் கட்சிங்க?" என்று நீலாம்பாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "இந்தப் புள்ளைங்க வீட்டுல கூரை எரவாணத்துல சொருவியிருக்குறது அருவாதாங்களே. ஆப்பிளுக்கு எங்க போறது?"

சாமிதுரை பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

தை பிறந்ததும் சம்பா அறுப்பு தொடங்க வேண்டும். கூலி நெல்லை உயர்த்தினால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று கூலியாட்களின் சங்கம் சொல்லிவிட்டது. ஊர்ச் சங்கத்துக்கு அரசப்பன் செயலாளர். அவன் கேட்ட கூலியை வைத்தியலிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழு வருஷம் முந்தி என்ன கொடுத்தாரோ அதையே கொடுப்பேன் என்றார். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. வைத்தியலிங்கம் கொள்ளிடத்துக்கு வடக்கேயிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். சங்கத்து ஆட்கள் வரப்பில் போய் மறித்தார்கள். போலீஸ் வந்து அடித்து ஏற்றிக்கொண்டு போனது. போனவர்களில் அம்சத்தின் புருஷனும் ஒருவன். சங்கக் கூட்டத்துக்கு மைக் செட் கரகரவென்றதால் தங்கையன் போய்ச் சரிசெய்து கொடுத்தான். அவன் செய்தது அவ்வளவுதான்.

அந்த வாரத்தில் ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் வைத்தியலிங்கத்தின் வைக்கோல் போர் தீப்பிடித்து எரிந்தது. கொண்டுவந்த ஆட்கள் போரடியில் பீடி பிடித்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். சங்கத்துப் பையன்கள்தான் என்று சிலர் சொன்னார்கள். இன்றுவரை யாருக்கும் தெரியாது. சாமிதுரை மட்டும் தனக்குத் தெரியும் என்று ஸ்டேஷனுக்குப் போனார்.

மறுநாள் முற்பகலில் பால்வாடி வாசலில் ஜீப் வந்து நின்றது. பிள்ளைகள் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாத்தாள் மட்டும் வழக்கம்போல் பெட்டியின் முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் பூட்ஸோடு உள்ளே வந்தார்.

"இதானா?"

"வெளக்குப் பொட்டிங்கய்யா. புள்ளைங்க வெளையாடுறது."

ஒரு போலீஸ்காரர் பெட்டியைத் தூக்கினார். பேனா கண்ணாத்தாளின் கையில் இருந்ததால் வயர் இழுபட்டுப் பிள்ளையும் இரண்டடி சேர்ந்து வந்தாள். அவர் பிள்ளையின் விரலைப் பிரித்துப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பெட்டியைக் கவிழ்த்தார்.

"புள்ளைங்க வெளையாடுற சாமானுக்கு இத்தன வயரு எதுக்கு?"

"புள்ளைங்க எடத்த மனப்பாடம் பண்ணிருதுங்க அய்யா. படத்த மாத்துனா ஜோடியும் மாறணும். அதுக்காக உள்ள..."

அவளுக்கே அது பொய் சொல்வதுபோலக் கேட்டது. எத்தனை நாள் யோசித்துக் கண்டுபிடித்த விஷயம். பூட்ஸ் கால் முன்னால் நின்று சொல்லும்போது வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

"பேட்டரி, வயரு, சுவிட்சு, அருவா கதிரு. புள்ளைங்கள வுட்டு எரியிது எரியிதுன்னு கத்தவும் சொல்லிக் குடுத்துருக்க. இதெல்லாம் ஒம் புருசந்தானே செஞ்சான்?"

"யோசன என்னுதுங்க அய்யா. நாந்தான் கேட்டேன்."

"அவன் டவுன்ல ஏற்கெனவே ஜீப்புல ஏறிட்டான். நீ சோத்தப் போடு."

தங்கையனை எங்கே வைத்திருந்தார்கள் என்று இரண்டு நாள் தெரியவில்லை. ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நீலாம்பாள் காத்துக் கிடந்தாள். மீரா உசேன் வந்து, இன்ஸ்பெக்டரைப் பார்க்க உள்ளே போய், முகம் வெளுத்து வெளியே வந்தார்.

"வெடி வைக்கிற பெட்டின்னு எழுதியிருக்காங்கம்மா. எங் கடையையும் சோதன போடணுமாம்" என்றார். "நான் பயந்து ஓடிட்டேன்னு நெனைக்காத. வக்கீல்கிட்டதான் போறேன்."

மாஜிஸ்திரேட்டின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியபோதுதான் அவனைப் பார்த்தாள். வேட்டி புதிதாக இருந்தது. காதோரம் உலர்ந்த கறை. போலீஸார் அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். தங்கையன் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுபடி கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. புகார் இல்லை என்று எழுதிக்கொண்டு ரிமாண்டுக்கு அனுப்பினார். அவனுக்குக் கேள்வி காதில் விழவில்லை என்பதை நீலாம்பாள் உட்பட அங்கே யாரும் புரிந்துகொள்ளவில்லை. பயத்தில் நாக்கு எழவில்லை என்றுதான் அவள் நினைத்தாள்.

ஜாமீன் மனுவுக்கு வாய்தா போட்டார்கள். சங்கத்து வக்கீல் சாந்தமான மனிதர். பெட்டி குழந்தைகள் விளையாடும் சாமான்தான் என்று கோர்ட்டிலேயே காட்டிவிட முடிந்தால் கேஸில் பாதி உடைந்துவிடும் என்றார். "நீங்க தொட்டுக் காட்டுனா பத்தாதும்மா. ஒரு கொழந்த வெளையாடணும். எந்தக் கொழந்த நல்லா வெளையாடும்?"

நீலாம்பாள் யோசிக்காமல் சொன்னாள்: "கண்ணாத்தா."

அந்தப் பெயரைச் சொன்ன பிறகுதான் யோசித்தாள். ஜீப் வந்த நாளிலிருந்து பிள்ளை ஒரு சொல்லும் பேசவில்லை என்று அம்சம் சொல்லியிருந்தாள். இரண்டு நாள் காய்ச்சலும் அடித்தது. ஆனால் மற்ற பிள்ளைகள் கோர்ட்டில் தன் முகத்தைத்தான் பார்க்கும். கண்ணாத்தாள் ஒருத்திதான் பெட்டியைப் பார்த்து விளையாடுகிறவள்.

அம்சம் முதலில் முடியாது என்றாள். "போலீசக் கண்டு மெரண்டு கெடக்குது. அங்கயே கூட்டிட்டுப் போவணுங்குற."

"நா பக்கத்துலயே இருப்பேங்க்கா. பொட்டியப் பாத்தா அதுக்குப் பயம் போயிரும்."

"போவலன்னா?"

நீலாம்பாள் அம்சத்தின் அருகில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "இந்தக் கேசு ஒடஞ்சிருச்சுன்னா மறியல் கேசும் நிக்காதுன்னு வக்கீலய்யா சொன்னாரு. அண்ணனும் வந்துரும்" என்றாள்.

வக்கீல் அப்படிச் சொல்லவில்லை. அம்சம் மகளுக்குத் தலைவாரி, தேர்த்திருவிழாவுக்கு எடுத்த கவுனைப் போட்டுவிட்டாள்.

கோர்ட்டில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தபோது அடிப்பக்கம் பிய்ந்திருந்தது. வக்கீல் அனுமதி கேட்டு, மீரா உசேன் வராந்தாவில் உட்கார்ந்து, இரண்டு போலீஸ்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அறுந்த வயர்களை முறுக்கிச் சேர்த்தார். பேட்டரிக் கட்டை போட்டு ஒரு ஜோடியைத் தொட்டதும் பல்பு எரிந்தது.

முதலில் நீலாம்பாளைத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். அவள் கோழியையும் முட்டையையும் தொட்டாள். விளக்கு எரிந்தது.

"பல்பு எரியுற எடத்துல வெடி மருந்தும் எரியும், யுவர் ஆனர்" என்றார் அரசாங்க வக்கீல்.

பிறகு கண்ணாத்தாளை மேஜைமேல் தூக்கி உட்காரவைத்தார்கள். நீலாம்பாள் பேனாக்களை அவள் கையில் கொடுத்தாள். பெட்டியின் பின்னால் நின்ற போலீஸ்காரரின் பூட்ஸைப் பிள்ளை பார்த்தாள். கூண்டில் நின்ற தங்கையனைப் பார்த்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை.

"தொடு கண்ணு. நண்டு எங்க? நண்டத் தொடு."

கண்ணாத்தாள் தலையைத் தூக்கி நீலாம்பாளின் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நீலாம்பாளுக்குத் தெரியும். அட்டைகள் வைத்திருந்த காலத்தில் மற்ற பிள்ளைகள் பார்த்த பார்வை. இந்தப் பிள்ளை மட்டும் அவளை ஒருபோதும் அப்படிப் பார்த்ததில்லை. தன் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று பின்னால் பல நாள் நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கெஞ்சியிருக்கும், மிரட்டியும் இருக்கும்.

"தொடு. ஒரு வாட்டி தொடுடி!"

குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளையின் கையிலிருந்து பேனாக்கள் விழுந்தன. கவுன் நனைந்து, மேஜையில் ஈரம் பரவிக் காகிதங்களை நோக்கி ஓடியது. குமாஸ்தா பதறிக் கட்டுகளைத் தூக்கினார். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"கொழந்தைக்கே தெரியாத வெளையாட்டுச் சாமான்" என்றார் அரசாங்க வக்கீல்.

மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "போதும், கொழந்தையக் கூட்டிட்டுப் போங்க" என்றார். நிபுணர் அறிக்கை வரட்டும் என்று ஜாமீனைத் தள்ளினார்.

பஸ்ஸில் அம்சம் ஈரக் கவுனோடு மகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். புளியங்கோட்டகத்தில் இறங்கியதும் நின்றாள்.

"நீதான் சொன்ன நீலா, கேக்காதீங்க, கேட்டா வராதுன்னு. நா உலுக்குனப்ப எங் கையப் புடிச்சி வெலக்குன. இன்னிக்கி எம் புள்ளைய மேசையில ஏத்தி வச்சி நீ உலுக்குன." குரல் தணிந்தே இருந்தது. "ஒம் புருசன் ஒனக்கு வேணும். எனக்கும் எம் புருசன் வேணுந்தான். அதுக்கு எம் புள்ளைய ஏண்டி குடுத்தேன் நானு?"

அம்சம் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பங்குனியில் சமாதானம் ஆனது. நின்ற கதிரில் பாதி மழையிலும் எலியிலும் போயிருந்தது. அதிகாரிகள் முன்னிலையில் வைத்தியலிங்கமும் சங்கமும் கையெழுத்துப் போட்டார்கள். கூலி கொஞ்சம் ஏறியது. இரண்டு பக்கமும் வழக்குகளை வாபஸ் வாங்குவது என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியில் தங்கையனும், அரசப்பனும், அம்சத்தின் புருஷனும், மற்றவர்களும் வெளியே வந்தார்கள். நிபுணர் அறிக்கை கடைசிவரை வரவில்லை. பெட்டி என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தங்கையன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் நீலாம்பாள் பின்னாலிருந்து, "காப்பித் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவன் திரும்பவில்லை. இன்னொரு முறை கேட்டாள். தகர டம்ளர் கை தவறி அவனுக்குப் பின்னால் விழுந்து உருண்டது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், இரண்டு காதிலும் சவ்வு கிழிந்து சீழ் பிடித்து வெகுநாள் ஆகிவிட்டது என்றார். முன்னமே காட்டியிருந்தால் ஒரு காதையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

ரேடியோ வேலை அதோடு போயிற்று. மீரா உசேன் அவனைக் கைவிடவில்லை. ஃபேனுக்கும் மோட்டாருக்கும் செம்புக் கம்பியால் காயில் சுற்றுகிற வேலை கொடுத்தார். அது கண்ணும் விரலும் இருந்தால் போதும். கடையில் பாட்டு ஓடும்போது மற்றவர்கள் தலையாட்டுவதைப் பார்த்துவிட்டால் தங்கையன் எழுந்து வெளியே போய் நிற்பான். வீட்டில் அவன் பேச்சு ஒன்று அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்:

"எங் காதுல அறைஞ்சுகிட்டே யாரு செய்யச் சொன்னான்னு கேட்டானுவ. எம் பொண்டாட்டின்னு சொன்னேன். நம்பல. சிரிச்சானுவ. பொம்பள யோசிச்சு இத்தன வயரு வருமான்னு மறுபடி அறைஞ்சானுவ."

நீலாம்பாள் சோற்றைப் பிசைந்த கையோடு அப்படியே இருந்தாள். அவன் அவளைக் குற்றம் சொன்னானா, ஆறுதல் சொன்னானா என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

பால்வாடிக் கொட்டகையை வைத்தியலிங்கம் திருப்பி எடுத்துக்கொண்டார். மறுபடி உரமூட்டை ஏறியது. பால்வாடி பக்கத்து ஊருக்குப் போனது. அங்கே வேறு டீச்சர் போட்டார்கள். நீலாம்பாளுக்கு வேலை இல்லை என்று வாய்வார்த்தையாகத்தான் சொன்னார்கள். புளியங்கோட்டகத்துப் பிள்ளைகளில் நடக்கத் தெரிந்தவர்கள் சோற்று நேரத்துக்கு வாய்க்கால் கரையோடு அந்த ஊருக்குப் போய்வந்தார்கள். சின்னவர்களைப் பெரிய பிள்ளைகள் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணாத்தாளை அம்சம் அனுப்பவில்லை. தன்னோடு வயலுக்குக் கொண்டுபோய் வரப்பில் உட்காரவைத்தாள். பிள்ளை நாள் முழுக்க அங்கேயே இருக்கும், எதையும் அடுக்காது. பேச்சு வரவில்லை.

நீலாம்பாள் நடவுக்குப் போனாள். அவளுக்குக் கை பழக்கம் இருந்தது. அம்சத்தோடு ஒரே வரிசையில் நின்று நட்டாலும் இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒருமுறை கரையேறும்போது நீலாம்பாள் வழியை மறித்து, "அக்கா, நா செஞ்சது தப்பு. அண்ணன் வந்துரும்னு சொன்னதும் பொய்யி. வக்கீலு அப்படிச் சொல்லல" என்றாள்.

"தெரியும்" என்றாள் அம்சம். "அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தேன்." சேற்றை வழித்து எறிந்துவிட்டு நடந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. களையெடுப்பு நேரம். வரப்பெல்லாம் தண்ணீரில் மூழ்கியதால் பிள்ளையை உட்காரவைக்க இடமில்லை. நீலாம்பாள் காலில் சேற்றுப்புண் வந்து இரண்டு மூன்று நாளாக வீட்டில் இருந்தாள். ஒருநாள் காலையில் அம்சம் வாசலில் வந்து நின்றாள். மழைக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தாள். இடுப்பில் கண்ணாத்தாள்.

"வேற யாரும் வீட்டுல இல்ல" என்றாள். "அதான் கொண்டாந்தேன். வேற ஒண்ணுமில்ல."

"வச்சிட்டுப் போங்கக்கா."

"ஒண்ணும் கேக்காத அதுகிட்ட."

"கேக்க மாட்டேன்."

அம்சம் பிள்ளையை வாசற்படியில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கிப் போனாள். கண்ணாத்தாள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள். நீலாம்பாள் உள்ளே அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுக்க வேண்டும், பக்கத்தில் போக வேண்டும் என்று வந்ததையெல்லாம் அடக்கிக்கொண்டாள். விளையாட எதையாவது எடுத்துக் கொடுக்கலாமா என்று பார்த்தாள். வீட்டில் ஒரு கொட்டாங்கச்சி கிடந்தது. அதையும் எடுக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. சாரல் வாசற்படிக்குள் அடித்தது. பிள்ளை கொஞ்சநேரம் நனைந்துகொண்டே இருந்தாள். பிறகு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்து, கீரைக் கட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். நீலாம்பாள் முகத்தைத் தூக்காமல் அடுத்த கொத்தை எடுத்தாள்.